கிளவுஸ்காரரின் கை

கையுறைக்குள் வாயை வைத்து ஊதுகிறார். ரப்பர் விரல்கள் ஐந்தும் விறைத்துக்கொண்டு நிற்கின்றன. மணிக்கட்டுப் பக்கத்தை முறுக்கிப் பிடித்து, வாளித் தண்ணீரில் அமுக்கி, சைக்கிள் டியூபில் பஞ்சர் பார்ப்பது போலக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறார். ஒரே ஒரு குமிழி வந்தாலும் அந்த உறை குப்பைக்குப் போய்விடும். வரவில்லை. துடைத்து, உள்ளே பவுடர் தூவி மாட்டிக்கொள்கிறார். அதன்மேல் முழங்கை வரை வருகிற தடித்த கறுப்பு உறை இன்னொன்று. அதன் வாயைத் துணி நாடாவால் சுற்றி, ஒரு முனையைப் பல்லில் கடித்து இழுத்து முடிச்சுப் போடுகிறார். இவ்வளவும் ஆன பிறகுதான் இரும்பின் பக்கமே திரும்புகிறார்.

"என்ன, ஆபரேஷனா?" என்று முதல் நாள் கேட்டேன்.

"அங்கயும் டாக்டர் கையால நோயாளிக்கு ஒண்ணும் வந்துடக் கூடாதுன்னுதானே சார் மாட்டிக்கிறாங்க? இங்கயும் அதே கதைதான்." சிரிக்காமல் சொன்னார்.

பட்டறையில் அவருக்குப் பெயர் கிளவுஸ்காரர். செத்துப்போன எஞ்சின்களைப் பிரித்து, தேய்ந்ததை மாற்றி, மறுபடி ஓட வைக்கிற பட்டறை அது. அங்கே அவர் பிளாக் கழுவுகிறவர். பிளாக் என்றால் எஞ்சினின் உடம்பு. பிஸ்டன்கள் ஏறி இறங்குகிற பெரிய துளைகளும், எண்ணெய் ஓடுகிற சிறிய துளைகளும் கொண்ட ஒரே வார்ப்பு இரும்பு. ஆயில் இருக்கிறதா என்று ஒருநாளும் எட்டிப் பார்க்காமல் வண்டி ஓட்டுகிற புண்ணியவான்களில் நானும் ஒருவன். ஒரு நாள் நடுரோட்டில் என் காரின் எஞ்சின் இறுகி நின்றது. பழைய பிளாக் இனித் தேறாது, காயலான் கடையில் வேறு ஒன்று பிடித்துத் தருகிறேன் என்றார் முதலாளி. அந்த வேறு ஒன்றுக்காக நான் பட்டறையில் தவம் கிடந்த நாள்களில்தான் இவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐம்பதை நெருங்குகிற வயது. ஒல்லி. எந்த நேரமும் இரண்டு கைகளையும் உடம்பிலிருந்து சற்றுத் தள்ளியே வைத்திருப்பார், பெயிண்ட் காயாத சுவர்களுக்கு நடுவே நடப்பவர் மாதிரி. உறையைக் கழற்றினால் மரப்பெஞ்சில்தான் உட்கார்வார், பிளாஸ்டிக் கப்பில்தான் டீ குடிப்பார். சும்மா இருக்கும்போது கைகளைக் கக்கத்தில் செருகிக்கொள்வார். நான் அதை ஏதோ கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

"சாவி இருக்கா சார்? பழைய சாவி, இரும்புல?"

கொடுத்தேன். கட்டைவிரலால் ஒரு தடவை அழுத்திவிட்டுத் திருப்பித் தந்தார். "நாளைக்குக் காலைல பாருங்க."

மறுநாள் காலையில் சாவியின் தலையில் பழுப்பாக ஒரு கட்டைவிரல் இருந்தது. ரேகை ரேகையாக, வரைந்து வைத்த மாதிரி. தேய்த்தேன், போனது. இரண்டு நாள் கழித்து மழை பெய்தது. சட்டைப் பையில் கைவிட்டு எடுத்தால் அதே விரல் அதே இடத்தில் மறுபடி இருந்தது. அந்தச் சாவியை அதன் பிறகு பையில் வைத்துக்கொள்ள எனக்குப் பிடிக்கவில்லை.

சிலருக்கு வியர்வை அப்படி. தொட்ட இரும்பு துருப்பிடிக்கும். பட்டறைகளில் இது தெரிந்த விஷயம்தான். அப்படிப்பட்டவர்களைச் சாமான் பக்கம் சேர்க்க மாட்டார்கள். "உப்பு உள்ள எறங்கிடும் சார். மேலாகத் தேய்ச்சா மறைஞ்ச மாதிரி இருக்கும். ஈரக் காத்து பட்டா எழுந்து வரும்," என்றார். எழுந்து வரும் என்று அவர் சொன்ன விதம், தூங்குகிற ஆளைப் பற்றிச் சொல்வது போல இருந்தது.

இந்தக் கையை வைத்துக்கொண்டு இந்த வேலைக்கு எப்படி வந்தார்? முதலாளியைக் கேட்டேன். பருத்த மனிதர், எதையும் உரக்கச் சொல்லுகிறவர். "எல்லாரும் கைராசிக்காரனைத் தேடுவாங்க. நான் இந்தக் கையைத் தேடி எடுத்தேன். தன் கையைப் பாத்துத் தானே பயப்படுறவன் ஒரு மூலைய விடமாட்டான். இத்தனை வருஷத்துல ஒரு பிளாக்குல ஒரு விரல் பட்டதில்ல." இதைக் கேட்டு கிளவுஸ்காரர் குனிந்துகொண்டார். காது மடல் மட்டும் சிவந்தது. அவருக்கு இருந்த ஒரே பெருமை அதுதான் என்று எனக்குத் தோன்றியது.

வேலையைச் சொல்ல வேண்டும். பிளாக்கை முதலில் கொதிக்கிற காரத் தண்ணீர்த் தொட்டியில் இறக்குவார். பல வருஷத்து எண்ணெய்ப் பிசுக்கு கறுப்புக் கஞ்சியாகக் கழன்று மிதக்கும். பிறகு எண்ணெய்த் துளைகளின் மூடிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, பால் பாட்டில் கழுவுகிற பிரஷ் மாதிரி, ஆனால் ஒரு முழ நீளத்துக்கு இருக்கிற பிரஷ்களை ஒரு பக்கம் விட்டு மறுபக்கம் இழுப்பார். போல்ட் துளை ஒவ்வொன்றிலும் பிரஷ். பிறகு சோப்பும் வெந்நீரும். கடைசியில் வெள்ளைத் துணியைப் பெரிய துளைகளுக்குள் விட்டுச் சுழற்றி எடுப்பார். போனபடியே வெள்ளையாகத் திரும்பி வரும் வரை விடமாட்டார். "உள்ள மணல் மாதிரி ஒரு பொடி நின்னாப் போதும் சார், புது எஞ்சின் பொணமாயிடும்."

அழுக்கின்மேல் அவருக்கு ஒரு மரியாதை உண்டு. "அழுக்கு இருக்கிற வரைக்கும் இரும்புக்கு ஒண்ணும் ஆகாது. சுத்தமாச்சு பாருங்க, அப்பதான் ஆபத்து. துணியில்லாம நிக்குது. ஒரு டீ குடிக்கிற நேரத்துல மஞ்சள் பூத்துடும். ஓடிப்போய்ப் போர்த்தணும்." ஒரு கையில் காற்றுக் குழாய், மறு கையில் எண்ணெய்த் துணி, காற்று ஈரத்தை விரட்ட விரட்ட, பின்னாலேயே எண்ணெய் போர்த்திக்கொண்டு வரும். காற்றுக் குழாயை எண்ணெய்த் துளையில் வைக்கும்போது மட்டும் கண்ணை மூடிக்கொள்வார். பிளாக் முனகும். ஒவ்வொரு துளைக்கும் ஒரு குரல். யாரோ வாயைத் திறந்து, பேச வந்ததை மறந்து நிற்கிற மாதிரி இருக்கும். எனக்கு அந்தச் சத்தம் கடைசி வரை பழகவில்லை.

"கேளுங்க, இந்தக் குரல் சரி. அடைப்பு இல்ல," என்பார் அவர், திருப்தியாக.

ஒரு சாயங்காலம் மழை பிடித்துக்கொள்ள, பட்டறைக்கு நாலு தெரு தள்ளியிருந்த அவர் வீட்டில் ஒதுங்கினேன். வீடு முழுக்கக் கைகள். ஜன்னல் கம்பிகளில் விரல்கள் சுற்றிப் பிடித்த பழுப்பு வளையங்கள். தையல் மெஷின் சக்கரத்தில் ஒரு கட்டைவிரல். யாரும் இல்லாத கூடத்தில் பத்துப் பேர் எதையாவது பிடித்துக்கொண்டு நிற்பது போல எனக்கு ஒரு பிரமை. அவர் மனைவி இரும்பு வாணலியை எடுத்துப் பரண்மேல் வைத்துக்கொண்டே, "இதை மட்டும் தொட்டாருன்னா அன்னிக்குச் சோறு கிடையாதுன்னு சொல்லி வெச்சிருக்கேன்," என்று சிரித்தார். நானும் சிரித்தேன், அரைகுறையாக.

பின்கட்டில் அவருடைய அண்ணி இருந்தார். தரையில் உட்கார்ந்து, ஓட்டல்களில் கழித்துக் கட்டிய படுக்கை விரிப்புகளைச் சதுரம் சதுரமாக வெட்டிக்கொண்டிருந்தார். பட்டறைக்கு வெள்ளைத் துணி அவர் கொடுப்பதுதான். அவருக்குப் பின்னால் சந்துக்குத் திறக்கிற தகரக் கதவு. அதன் உட்புறம், நெஞ்சு உயரத்தில், ஒரு இடது கை பழுப்பாகப் பதிந்திருந்தது. முழு உள்ளங்கை. விரல்களில் மோதிர விரல் மட்டும் பாதியோடு நின்றிருந்தது.

"உங்க கையா?" என்று கிளவுஸ்காரரைக் கேட்டேன்.

"அண்ணன்." தன் மோதிர விரலை நீட்டி, நடுவில் மடக்கிக் காட்டினார். "ஃபேன் பெல்ட்டுல போச்சு. அவருக்கும் இதே கைதான் சார். எங்க ரெண்டு பேருக்கு மட்டும்."

அண்ணனும் மெக்கானிக். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம், நேரம் கழித்து வந்ததற்கு அண்ணி ஏதோ கேட்கப்போக, அவர் ஏதோ சொல்ல, வார்த்தை முற்றி, இந்தக் கதவை இடது கையால் தள்ளிக்கொண்டு போனார். இரண்டு நாள் கழித்து ஆற்றுப் படியில் அவருடைய செருப்புகள் கிடந்தன, ஜோடியாக. ஆள் போட்டுத் தேடினார்கள். மழைக்காலம், தண்ணீர் நிறைய. ஆறு கொண்டுபோய்விட்டது என்று சொல்லி எல்லோரும் கலைந்தார்கள். அடுத்த மழைக்குக் கதவில் கை எழுந்து வந்தது.

அண்ணி எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டேதான் வெட்டினார். பிறகு ஒரு துணிச் சதுரத்தை மண்ணெண்ணெயில் நனைத்து எழுந்து, அந்தக் கையைத் துடைக்க ஆரம்பித்தார். "வருஷா வருஷம் இதே ரோதனை. போனவரு போக வேண்டியதுதானே? கையை மட்டும் எதுக்கு இங்க வெச்சிட்டுப் போகணும்?" கோபம் போலத்தான் இருந்தது. ஆனால் குழந்தையின் முகம் துடைக்கிற மாதிரி மெதுவாகத் துடைத்தார்.

இருட்டிக்கொண்டு வந்தது. கதவு வெறுமனே சாத்தியிருந்தது. கையின் அடையாளத்துக்குச் சற்று மேலே இருந்த தாழ்ப்பாள் பின்னுக்கு இழுத்தபடியே துருவேறி ஒட்டிப்போயிருந்தது. வருஷக்கணக்கில் யாரும் அதைப் போட்டதில்லை என்று பார்த்தாலே தெரியும். பின்பக்கம் சந்தாயிற்றே, ராத்திரியில் தாழ்ப்பாள் போட வேண்டாமா என்று கேட்டுவிட்டேன்.

"வந்தா தட்டிக்கிட்டு நிக்கக் கூடாதுல்ல," என்றார் அண்ணி.

பால்காரரைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னார். ஆற்றோடு போனவரைத்தான் சொல்கிறார் என்று எனக்குப் பிறகுதான் உறைத்தது. மழை விட்டதோ இல்லையோ, கிளம்பிவிட்டேன்.

அதற்கடுத்த வாரம் என் பிளாக் வந்தது. காயலான் கடைக்காரர் ஆட்டோவில் ஏற்றி அனுப்பியிருந்தார். பிசுக்கும் மண்ணும் கெட்டிப்பட்டு, வெளியே இரும்பே தெரியவில்லை. காரத் தொட்டியில் இறக்கி, எடுத்து, துளை துளையாகத் தேய்த்து, சோப்புப் போட்டு வெந்நீர் ஊற்றினார் கிளவுஸ்காரர். சாம்பல் நிறத்தில் புது இரும்பு போல வெளியே வந்தது. அன்றைக்கும் மழைக் காற்று. காற்றுக் குழாயை வைத்தார், பிளாக் முனகியது, எல்லாக் குரலும் சரி. எண்ணெய்த் துணியை எடுத்துக்கொண்டு உட்புறத்துக்குக் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"என்ன?" என்று நானும் குனிந்தேன்.

பிளாக்கைப் புரட்டும்போது பிடிமானத்துக்காகக் கை தானாகப் போய்ப் பதிகிற ஒரு உட்சுவர் இருக்கிறது. அங்கே முதலில் ஒரு மஞ்சள் கறைதான் இருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது அகன்றது. உள்ளங்கை மேடு வந்தது. கட்டைவிரல் வந்தது. பிறகு மற்ற விரல்கள், உள்ளே இருட்டுப் பக்கமாக, ஒன்றன்பின் ஒன்றாக. யாரோ இரும்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து கையை வைத்து அழுத்துவது போல இருந்தது. நான் என்னை அறியாமல் ஒரு அடி பின்வாங்கினேன்.

அவர் எமரித் தாளால் தேய்த்தார், மறுபடி கழுவினார், காற்று வைத்தார். கை மறுபடி வந்தது. கடைசியில் அதன்மேலேயே எண்ணெயைப் போர்த்தி, பிளாக்கைப் பிளாஸ்டிக் தாளால் மூடிவிட்டு, அன்றைக்குச் சீக்கிரமே வீட்டுக்குப் போனார். டீ கூடக் குடிக்கவில்லை.

மறுநாள் காலையில் முதலாளி தாளை விலக்கிப் பார்த்தார். எண்ணெய்க்கு அடியில் உள்ளங்கை கறுத்துத் தெரிந்தது. விரல்கள் உட்பக்க நிழலில் இருந்தன. அவர் விரல் வரை குனியவில்லை. இடுப்பில் கை வைத்து நிமிர்ந்தார்.

"கிளவுஸைக் கழட்டினியா?"

கிளவுஸ்காரர் பிளாக்கைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் நேற்று முழுக்கப் பக்கத்தில் நின்றவன். இவர் உறையை ஒரு நொடி கூடக் கழற்றவில்லை என்று எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"ஆமா முதலாளி. அரிச்சுது. ஒரு நிமிஷம் கழட்டினேன்."

முதலாளிக்குக் கோபத்தைவிட வருத்தம்தான் முகத்தில் வந்தது. "உன்னைப் பத்தி ஊரெல்லாம் பெருமை அடிச்சுக்கிட்டு இருந்தேனேடா. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வேற எடம் பாத்துக்க, சொல்லிட்டேன்." செருப்பை இழுத்துக்கொண்டு போனார்.

கிளவுஸ்காரரின் காது மடல் இந்த முறையும் சிவந்தது. எனக்குத்தான் பொறுக்கவில்லை. "ஏன் அப்படிச் சொன்னீங்க?" என்று பிடித்துக்கொண்டேன்.

அவர் டார்ச்சை எடுத்து உள்ளே அடித்தார். விரல்கள் வெளிச்சத்துக்கு வந்தன. இடது கை. மோதிர விரல் பாதியோடு நின்றிருந்தது.

"அண்ணன் முன்னாடி எப்பவோ கழுவின பிளாக்கா இருக்கும்," என்றேன். சொல்லும்போதே என் குரல் எனக்குச் சரியாகப் படவில்லை.

"இந்த மாடல் ரோட்டுக்கு வந்தே அஞ்சாறு வருஷந்தான் சார்." என் காரைக் காட்டினார். "அண்ணன் போயி பத்து வருஷத்துக்கு மேல."

மழை தகரக் கூரைமேல் விழுந்துகொண்டிருந்தது. காயலான் கடைக்காரரை அவர் காலையிலேயே போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார். லாரியில் குவியலாக வந்த சரக்காம், எந்த ஊர் எஞ்சின் என்று கடைக்காரருக்கே தெரியாதாம். தேடிப் போவதற்கு ஒரு நூல்கூட இல்லை. எங்கேயோ ஒரு பட்டறையில், ஆற்றில் போன ஆள் நின்று, இந்தப் பிளாக்கைப் புரட்டிக் கழுவியிருக்கிறார். உறை கூடப் போட்டுக்கொள்ளாமல்.

"செத்துட்டாருன்னு நெனச்சதனாலதான் சார் அண்ணி தாங்கிக்கிட்டு இருக்காங்க. செத்தவர் மேல அவங்களுக்குக் கோபம் இல்ல. சண்டை போட்ட அன்னிக்கே போயிட்டாரே, பாவம்னு ஒரு இது. இப்ப நான் போய், இல்ல அண்ணி, அவரு செருப்பைக் கழட்டி வெச்சிட்டு வேற எடத்துல நல்லாத்தான் இருக்காரு, வரணும்னு தோணலை, அவ்வளவுதான்னு சொன்னா..." நிறுத்தினார். "முதலாளி குனிஞ்சு பாத்தா இந்த விரலை அவருக்கும் தெரியும். தெரு பூரா போயிடும். என் கைன்னா யாரும் ரெண்டாவது தடவை பாக்க மாட்டாங்க."

"இப்போ என்ன பண்ணப் போறீங்க?"

"தோண்டி எடுக்கணும். விட்டா துரு உதிர்ந்து ஆயில்ல கலந்து பேரிங்கைத் தின்னுடும். உங்க எஞ்சின் திரும்பவும் போயிடும்." உறை போட்ட விரலால் அந்த உள்ளங்கையை மெல்லத் தொட்டார். "எடுத்துட்டா அப்புறம் அவரு உயிரோட இருந்ததுக்கு அடையாளம்னு ஒண்ணும் இல்ல சார்."

அந்த நேரத்தில் என் எஞ்சினைப் பற்றி அவர் கவலைப்பட்டது எனக்கு வெட்கமாக இருந்தது. எஞ்சின் கிடக்கட்டும், நாலு நாள் போகட்டும் என்றேன். "இப்படியே எத்தனை நாள் வெக்கிறது சார்," என்று சொல்லிவிட்டு, சின்ன அரைப்புக் கல்லைத் தேட ஆரம்பித்தார். தேடினாரே தவிர, எடுக்கவில்லை. மேஜைமேல் கண்ணெதிரில் இருந்த கல்லை மத்தியானம் வரை தேடிக்கொண்டிருந்தார்.

மத்தியானம் அண்ணி வந்தார். துணி மூட்டையை இடுப்பில் இடுக்கி, நனைந்த குடையைக் கதவோரம் சாய்த்துவிட்டு, "தம்பி, துணி," என்றார்.

கிளவுஸ்காரர் பிளாக்குக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார். அவர் ஒல்லி, பிளாக் அகலம். மறைக்கத் தெரியாதவர்கள் மறைத்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

"என்னத்தை மறைக்கிறீங்க? கல்யாணப் பொண்ணையா உள்ள வெச்சிருக்கீங்க?" சிரித்துக்கொண்டே அவரைத் தோளால் ஒதுக்கிவிட்டுக் குனிந்தார். டார்ச் உள்ளேயே எரிந்துகொண்டு கிடந்தது.

சிரிப்பு முகத்திலிருந்து உடனே போகவில்லை. மறந்துபோய்க் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. ஒரு விரலை நீட்டி, தொடாமல், அந்தக் கையின் விரல்களை ஒவ்வொன்றாகக் காற்றில் தடவிக்கொண்டே போனார். பாதி விரலில் நின்றார்.

"இது எப்ப?"

"பழைய எஞ்சின் அண்ணி. அண்ணன் இங்க இருந்தப்ப எப்பவோ கழுவினது. சுத்திச் சுத்தி நம்மகிட்டயே வந்திருக்கு, பாருங்களேன்." கிளவுஸ்காரருக்கு அண்ணியிடம் பொய் சொல்ல வராது. சொல்லும்போது கைகளைக் கக்கத்தில் செருகிக்கொண்டார், இரண்டு அடுக்கு உறையோடு.

அண்ணி நிமிர்ந்து, மூடி திறந்து கிடந்த என் காரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "உங்க வண்டிதானே? இதுக்கா இந்த எஞ்சின்?"

அவருக்குப் பின்னால் கிளவுஸ்காரர் தலையை ஆட்டினார், வேண்டாம், வேண்டாம் என்று. நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதுவே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

"இந்த மாதிரி வண்டி நம்ம தெருவுக்கு மொதமொதல்ல வந்தப்ப நான் வாசல்ல நின்னு வேடிக்கை பாத்தேன் தம்பி," என்றார் அண்ணி. "உங்க அண்ணன் இருந்தா குனிஞ்சு அடியில பாத்திருப்பாரேன்னு அப்ப நெனச்சுக்கிட்டேன்." பிறகு, துணியின் அளவைச் சொல்வது போல, "ஆத்துல போகல," என்றார்.

"அண்ணி..."

"இதை எடுத்தாகணுமா?"

"எடுக்கலைன்னா சார் வண்டி..."

"அப்ப எடுங்க."

மூட்டையை அவிழ்த்து, இருந்ததிலேயே வெள்ளையான துணியாகப் பார்த்து எடுத்து அவர் கையில் கொடுத்தார். பழைய டயர் ஒன்றின்மேல் உட்கார்ந்துகொண்டார். இதற்குமேல் கல்லைத் தேட முடியாமல் கிளவுஸ்காரர் வேலையைத் தொடங்கினார். கல் சுழன்று இரும்பில் பட்டதும் கூர்மையாக ஒரு சத்தம் வந்தது. எனக்குப் பல் கூசியது. அண்ணி அசையவில்லை. கட்டைவிரல் போயிற்று. உள்ளங்கை போயிற்று. பாதி விரல்தான் ஆழமாக இருந்தது, கடைசியாகப் போனது. கழுவினார். காற்று வைத்தார். பிளாக் முனகியது. துணியை விட்டு எடுத்தார். வெள்ளையாகவே திரும்பி வந்தது.

எண்ணெய் போர்த்தும் முன் அவர் குனிந்து, வாயைத் திறந்து, அந்த இடத்தில் ஆவி படும்படி மெல்ல ஊதினார். ஈரம் பட்டால் எழுந்து வருகிறதா என்று பார்க்க. மூன்று பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். வரக் கூடாது என்று ஒரு மனமும் வந்துவிடட்டும் என்று ஒரு மனமுமாக நான் தவித்தேன். மூச்சின் ஈரம் இரும்பில் படர்ந்து, சுருங்கி, மறைந்தது. அங்கே வெறும் சாம்பல் நிறம்தான் இருந்தது.

"சரி," என்று நிமிர்ந்தார் அண்ணி. தன் தண்ணீர் பாட்டிலில் மிச்சமிருந்ததை வாசலில் கொட்டிவிட்டு, அதை நீட்டினார். "கொஞ்சம் ஆயில் ஊத்துங்க தம்பி."

"எதுக்கு அண்ணி?"

அண்ணி பாட்டிலை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினார். கிளவுஸ்காரர் ஊற்றிக் கொடுத்தார்.

சாயங்காலம் மழை சற்று விட்டிருந்தது. என்னோடு வந்த கிளவுஸ்காரர், தெரு முனையில் பிரிய வேண்டிய இடத்தில், "உள்ள வந்துட்டுப் போங்க சார்," என்றார். தனியாகப் போக அவருக்குப் பயமாக இருந்தது என்று நினைக்கிறேன். கூடத்தில் விளக்கு போடவில்லை. ஜன்னல் கம்பிகளில் ஈரக் காற்றுக்குப் பழுப்பு விரல்கள் நன்றாகவே தெளிந்திருந்தன. பின்கட்டிலிருந்து கீச், கீச் என்று ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது.

அண்ணி தகரக் கதவருகே நின்றிருந்தார். கதவில் கை எழுந்து வந்திருந்தது. அன்றைக்கு அவர் அதைத் துடைத்திருக்கவில்லை. மண்ணெண்ணெய்த் துணி ஆணியில் உலர்ந்து தொங்கியது. தாழ்ப்பாளின்மேல் பாட்டிலைச் சாய்த்துச் சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டு, முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டிருந்தார். துருப் பொடி கலந்து எண்ணெய் சிவப்பாகக் கதவில் வழிந்தது.

"நான் பண்றேன் அண்ணி," என்று கிளவுஸ்காரர் ஒரு அடி வைத்தார்.

"உங்க கை வேணாம் தம்பி. மறுபடி துரு ஏறிடும்."

அவர் நின்றுவிட்டார். அண்ணி இரண்டு கட்டைவிரல்களையும் சேர்த்து ஊன்றித் தள்ளினார். தாழ்ப்பாள் கொஞ்சம் நகர்ந்தது, சிக்கியது. மறுபடி எண்ணெய். மறுபடி நகர்ந்தது. பிறகு, வருஷக்கணக்கில் ஒட்டிக் கிடந்தது ஒரேயடியாக விட்டுக்கொடுத்து, நிலையின் துளைக்குள் போய் டக்கென்று விழுந்தது. முந்தானையில் விரல்களைத் துடைத்துக்கொண்டார். சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்க, கதவில் இருந்த அந்தக் கையின்மேலேயே தன் கையை விரித்து வைத்து, ஒரு தடவை பலமாகத் தள்ளிப் பார்த்தார்.